மூன்றாம் சனிக்கிழமை முட்டை

சொம்பிலிருந்த அரிசிக்குள் கையை விட்டு அளைந்த சின்னண்ணனுக்கு, அடியில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. யாரோ எலுமிச்சம்பழம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வெளியே எடுத்தார்.

முட்டை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை சமைத்துப் படைக்கும் வீடு. கழுத்தில் துளசி கட்டி, நெற்றியில் போடுவது போல நாமம் போட்ட பித்தளைச் சொம்பு. அதற்குள் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை.

ராசிபுரத்தில் அந்தத் தெருவைக் கேட்டால் தெரியும். சின்னண்ணனின் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் புரட்டாசி மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. முட்டை என்ற சொல்லைக்கூட உரக்கச் சொல்லமாட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் செயலாளராக இருந்து, ஒரு விரல் நீட்டி யாரும் ஒரு சொல் சொல்லாமல் ஓய்வு பெற்றவர் அவர். நடக்கும்போது முதுகு வளையாது.

போதாததற்குப் போன சனிக்கிழமை, கோயில் வாசலில் ஊரே நிற்கும்போது, எதிர்வீட்டுக் கலையரசனை நிறுத்திவைத்துக் கால் மணி நேரம் காய்ச்சி எடுத்திருந்தார். அவன் செய்த குற்றம், பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்றது. அந்தக் கலையரசன் உட்பட இன்றைக்குத் தெருவே சாப்பிட வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, பூசை செய்ய வந்த ரங்கதாசர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தாசர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் கருவாட்டு வாசம் அடிக்கிறது என்று, ஊத எடுத்த சங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து போனவர். அந்த வீட்டை இன்றுவரை கருவாட்டு வீடு என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் பெயர் பலருக்கு மறந்தே போயிற்று.

முட்டையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, பேரனையும் பேத்தியையும் நடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். தனுஷ் இரண்டாம் வகுப்பு. மகிழினி யு.கே.ஜி. காலையில் நாமம் போட்டுக்கொண்டு, "கோவிந்தா" என்று கூவி வீடு வீடாக அரிசி வாங்கி வந்தவர்கள் இவர்கள்தான். எவ்வளவு வசதியான வீடானாலும் இந்தச் சனிக்கிழமை நாலு வீட்டு அரிசி வாங்கித்தான் தளிகைக்குச் சேர்க்க வேண்டும். அது வழக்கம்.

"ஏன் சாமி, சொம்புல யாரு யாரு போட்டாங்க?"

"எல்லாருந்தானுங்க அப்பாரு," என்றான் தனுஷ். "தாசரு அவரு பையிலருந்து சரிச்சாரு. முத்தாயம்மா ஆத்தா போட்டாங்க. பல்லு டாக்டரு ஊட்டுல போட்டாங்க. அப்பறம் நாயி தொரத்துச்சே, அந்த ஊடு..."

"அரிசி இல்லாம வேற ஏதாச்சும் போட்டாங்களா?"

"கலையரசன் சித்தப்பா சாக்லேட் போட்டாரு. அதை அங்கியே தின்னுட்டோமுங்க."

கலையரசன். சின்னண்ணன் பல்லைக் கடித்தார். பப்ஸுக்குப் பதில் சொல்லியிருக்கிறான் பையன்.

"அப்பாரு, கையில என்ன?" என்றாள் மகிழினி.

"ஒண்ணுமில்லை சாமி."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் வெள்ளையா இருக்குது?"

பூசை நாள் என்பதால் சட்டை போடவில்லை. சட்டை இல்லாததால் பை இல்லை. சின்னண்ணன் திரும்பி நின்று, முட்டையை வேட்டி மடிப்புக்குள் இடுப்போரம் செருகி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டார். கொல்லைப்பக்கம் போய் மதிலுக்கு அப்பால் வீசிவிட்டால் முடிந்தது.

கொல்லையில் முத்தாயம்மாள் தலைமையில் நாலு பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவிலேயே மூத்தவள் அவள். அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் பூனைகூடக் குறுக்கே போகாது.

"என்ன சின்னண்ணா, இந்தப் பக்கம்?"

"பூசணிக்கா நல்லாருக்குதான்னு பாக்க வந்தேன்."

நாலு அரிவாள்மனையும் நின்றன. நாற்பது வருடமாகத் தட்டில் விழும்வரை அவர் ஒரு காயைப் பார்த்ததில்லை.

"வந்ததுதான் வந்தீங்க, அப்படி உக்காந்து இந்த அவரைக்காயை நாரெடுங்க."

உட்கார்ந்தால் உடைந்துவிடும். "தாசரு கூப்பிடறாரு," என்று சொல்லிவிட்டு, கூப்பிடாத தாசரிடம் திரும்பினார்.

ஆனால் தாசர் உண்மையாகவே கூப்பிட்டார். "சின்னண்ணா, கொளந்தைங்க கொண்டாந்த சொம்பு எங்கீங்க?"

சொம்பைக் கொடுத்தார். தாசர் மணிக்கட்டுவரை கையை விட்டுத் துழாவினார். அப்புறம் முறத்தில் கொட்டி, ஒரு மணி விடாமல் பரப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதானுங்க."

"வேற ஏதும் இதுக்குள்ள இருக்கலையா?"

"வேற என்னங்க இருக்கப்போகுது?"

தாசர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்வை இடுப்பில் கொஞ்சம் நின்று போனது போலச் சின்னண்ணனுக்குத் தோன்றியது. தெரிந்துவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தாசர் ஓரிடத்தில் உட்காரவில்லை. அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். குனிந்து நெல் பத்தாயத்துக்கு அடியில் பார்த்தார். அடுக்களையிலிருந்து மருமகள் அமுதவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா போயிருந்ததால், இருபது பேர் சமையலும் இரண்டு குழந்தைகளும் ஒரு மாமனாரும் அவள் தலையில்தான்.

"மாமா, தாசரு எதுக்குங்க நம்ம குப்பைக்கூடையைப் பாக்கறாரு?"

"சுத்தம் பாக்கறாரு. சும்மா இரு."

"நீங்க ஏனுங்க இப்படி ஒருச்சாய்ச்சு நடக்கறீங்க?"

"நான் எப்பவும் நடக்கறாப்பலதான் நடக்கறேன்."

தெரு வந்து சேர்ந்தது. கூடம் நிறைந்தது. வாழையிலையில் தளிகை மலையாகக் குவிந்தது. தாசர் சங்கு ஊதினார், சேகண்டி தட்டினார், கற்பூரம் காட்டினார். "எல்லாரும் விழுந்து கும்புட்டுக்கங்க," என்றார்.

இருபது பேரும் விழுந்து கும்பிட்டார்கள். சின்னண்ணன் மட்டும் கொடிக்கம்பம் போல நின்றார்.

"அப்பாரு மட்டும் விழலை," என்றாள் மகிழினி. அந்த நிசப்தத்தில் அது வாசல்வரை கேட்டது.

"இடுப்புப் புடிச்சிருக்குது," என்றார் சின்னண்ணன்.

பிறந்ததிலிருந்து பொய்யே சொல்லாதவருக்கு, அன்றைக்கு இது எத்தனையாவது பொய் என்று கணக்கு விட்டுப்போயிற்று.

கும்பலிலிருந்து கலையரசன் எழுந்து வந்தான். "பெரியப்பா, எங்கய்யன் சுளுக்கு எடுப்பாருல்ல, எனக்கும் அந்தக் கைவாகு உண்டுங்க. எண்ணெய் காச்சி இடுப்பை நாலு நீவு நீவுனா..."

"வேண்டாம்."

"ரெண்டு நிமிசந்தானுங்க. துண்டை மட்டும் அவுருங்க."

"தொட்டீன்னா பாரு."

முத்தாயம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "ஏன் சின்னண்ணா, அத்தனை பேர்த்துக்கு முன்னால பேச்சு வாங்கீட்டும் அந்தப் பையன் மனசுல ஒண்ணும் வெச்சுக்காம வாரான். நீங்க இன்னும் அந்தப் பப்ஸை முழுங்கலையே."

கலையரசன் தலையைக் குனிந்துகொண்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்வாங்கினான். அவன் முகத்தில் கள்ளத்தனம் துளியும் இல்லை. சின்னண்ணனுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. இவன் போடவில்லையோ. இவன் போடவில்லை என்றால், போன வாரம் நாம் பேசியதற்கு இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்வது நாம்தானோ.

யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டு, வற்புறுத்தி உட்கார வைத்தார்கள். நுனியில், ஒரு பக்கமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகிழினி அருகில் வந்து, துண்டின் புடைப்பையும் தாத்தாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, அப்பாரு அடை காக்கறாரு," என்று தனுஷிடம் சொன்னாள்.

கூடமே சிரித்தது. தாசர் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சின்னண்ணனையே பார்த்தார்.

இனித் தாங்காது. "மாத்திரை போட்டுட்டு வாரேன்," என்று எழுந்து தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. முட்டையை எடுத்து, பையில் மடித்துக் கிடந்த துணிக்குள் பொதிந்து, மெல்ல உள்ளே இறக்கினார். பந்தி முடிந்ததும் கடைக்குப் போகிற சாக்கில் எடுத்துப் போய், ஏரிக்கரையில் புதைத்துவிடலாம்.

வெளியே வந்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது. தனியாகப் போய்ப் பெருமாள் முன் விழுந்து கும்பிட்டார். "மாத்திரை நல்லாக் கேக்குது பாரு," என்றாள் முத்தாயம்மாள். பந்தியில் கலையரசனைப் பக்கத்து இலையில் உட்காரவைத்து, தம் கையாலேயே அவனுக்கு இரண்டாவது வடை வைத்தார். சர்க்கரைப் பொங்கல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். தாசர் வெற்றிலை பாக்குத் தட்டு வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் துளசி கொடுத்து, "போயிட்டு வாரேனுங்க," என்று புறப்பட்டுப் போனார். போகும்போதும் முகம் தெளியவில்லை. போகட்டும். வாயால் ஒன்றும் சொல்லவில்லையே.

கூட்டம் கலைந்ததும் சின்னண்ணன் அறைக்குள் போய் மஞ்சள் பையை எடுத்தார். கையை விட்டார். மூக்குக்கண்ணாடிக் கூடு. ரேஷன் கார்டு. போன மாதத்துக் கரண்டு ரசீது.

முட்டை இல்லை.

"அமுதா," என்றார். "இந்தப் பை இங்க இருந்ததுதானே?"

"அது அலமாரியில இருந்ததுங்க மாமா. ஆணி காலியாருக்குதேன்னு இப்பத்தான் மாட்டுனேன். காலைல அங்க தாசரு பையைத்தானே மாட்டி வெச்சிருந்தேன். கெளம்பறப்ப அவருகிட்ட எடுத்துக் குடுத்துட்டேன்."

சின்னண்ணன் நினைத்துப் பார்த்தார். காலையில் சொம்பில் இருந்த முட்டையாவது யார் போட்டதென்று தெரியாத முட்டை. இப்போது தாசர் பையில் இருப்பது தாமே, தம் கையாலேயே, பூசைத் துணிக்குள் பொதிந்து வைத்த முட்டை. அடுத்த வீட்டுப் பூசையில் தாசர் சங்கை எடுக்கப் பைக்குள் கைவிடுவார். உடைந்திருந்தால் சங்கெல்லாம் மஞ்சள் கரு. எங்கே ஏறியதென்று அவருக்குத் தெரியாதா. முட்டை வீடு. தனுஷ் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவார்கள்.

மொபெட்டை உதைத்தார். தனுஷ் முன்னால் ஏறி நின்றான். மகிழினி பின்னால் தொற்றிக்கொண்டாள். இறக்கிவிட நேரமில்லை. தூறல் பிடித்துக்கொண்டது. தெருமுனையில் முத்தாயம்மாள் நின்று, "இடுப்புப் புடிப்போட எங்கீங்க பறக்கறீங்க?" என்று கேட்டதற்கு, மகிழினி "கோவிந்தா" என்று பதில் சொன்னாள்.

சேலம் போகும் சாலையில், பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுத் திண்டில் தாசர் தனியாக உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பை மடியில் இருந்தது. குழந்தைகளை வண்டியோடு தள்ளி நிறுத்திவிட்டு, சின்னண்ணன் போய் எதிரே நின்றார். கைகூப்பினார்.

"தாசரே, என்னை மன்னிக்கோணும்."

அறுபத்தெட்டு வயதில் அந்தச் சொல்லை அவர் வாய் அப்போதுதான் பழகியது. வந்தது வரட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். சொம்பில் கிடைத்தது, இடுப்பில் செருகியது, இல்லாத இடுப்புப் பிடிப்பு, கடைசியில் தம் பை என்று நினைத்து அவர் பையில் வைத்தது.

"நீங்க தேடறது தெரிஞ்சும் மறைச்சேனுங்க. இனி எங்க ஊட்டுப் படி ஏறமாட்டேன்னாலும் சரி, நான் கேக்கமாட்டேன். கலையரசனைப் பேசுன பேச்சுக்கு இது எனக்கு வேணும். ஊட்டுப் பேரை மட்டும் காப்பாத்திக் குடுத்துருங்க. வெளிய சொல்லிராதீங்க."

தாசர் பைக்குள் கையை விட்டு, துணியைப் பிரித்து, முட்டையை எடுத்தார். காலையிலிருந்து இறுகிக்கிடந்த அந்த முகம் மெல்ல அவிழ்ந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். முட்டையைத் திண்டின் விளிம்பில் லேசாகத் தட்டினார். சின்னண்ணன் பதறிக் கையை நீட்டினார். ஒன்றும் வழியவில்லை. தாசர் நகத்தால் ஓட்டை உரித்தார். உள்ளே கெட்டியாக, பளபளவென்று, அவித்த முட்டை. பாதியைக் கடித்து, கண்ணை மூடி மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"நீங்களும் வெளிய சொல்லிராதீங்க சின்னண்ணா. தெனம் ஒண்ணு தின்னே ஆகோணும்னு டாக்டரு சொல்லீட்டாரு, காலைல உங்க சொம்புல அரிசி சரிச்சப்ப நழுவிருச்சுங்க."