தூக்கிக் கொடுத்தவனுக்கு முட்டை

கோட்டைப்பட்டினம்,
செவ்வாய்க்கிழமை

சார்ஜாவில் இருக்கும் அன்பு மருமகன் இக்பாலுக்கு, உன் தாய்மாமன் உமர் பாரூக் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவின் முழங்கால் வலி தவிர இங்கு எல்லாம் சுகம். அங்கே நீயும் ரஹ்மத் நிஷாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். குறை எதுவானாலும் எழுத்தில் வரணும் என்று நம்ம வாலிபால் கிளப்புக்கு நீதானே சட்டம் போட்டாய்? எனக்குக் கையெழுத்தே பெருவிரல்தான். சொல்லச் சொல்ல ஒருத்தன் எழுதுகிறான், முடிந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவான்.

மருமகனே, நெட்டு கொடுத்தாய், ஜெர்சி கொடுத்தாய், குறை சொல்ல மாட்டேன். கம்பெனியில் ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கிற ஹெச்.ஆர். மேனேஜர், நம்ம பயல்களையும் ஒழுங்குபண்ண நினைத்தது நல்ல மனசுதான். ஆனால் வருகைப் பதிவு வைத்தாய், கடலுக்குப் போகாத வசந்தகுமார் தினமும் வந்து கேப்டன் ஆகிவிட்டான். அவன் சர்வீஸ் போட்டால் பந்து நெட்டுக்கு அடியில்தான் போகும். கேட்டால், "வருகை நூத்துக்கு நூறு மாமா" என்கிறான். லீவு வேணும்னா மூணு நாள் முன்னாடி சொல்லணும் என்றாய். கடல்ல காத்து திரும்பப் போறதை மூணு நாள் முன்னாடி எவன்கிட்டப் போய்க் கேப்பான் மீன்பிடிக்கப் போற நம்ம ராக்கன்? அதுவும் போகட்டும். எவன் எத்தனை பாயிண்ட் எடுத்தான்னு கேட்டு மார்க் போட்டாய் பாரு, அங்கதான் குடி முழுகிப்போச்சு. ஆனந்தராஜுக்கு நாற்பத்தொன்று. பிராங்க்ளினுக்கு முட்டை. முட்டை வாங்கினவன் இனி வரவேண்டாம்னு வாட்ஸப்பில் ஓலை.

அவன் செட்டர்டா! அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் எப்படிடா பாயிண்ட் எடுப்பான்? எண்பத்து மூணுலேர்ந்து இந்த மைதானத்துல விழுந்த பந்தெல்லாம் எனக்கு ஞாபகம். இவனைப்போலப் பூவைத் தொடுற மாதிரி பந்தைத் தொட்டவன் இன்னொருத்தன் இல்லை. (எழுதுகிறவன் இந்த இடத்தில் பேனாவை நிறுத்துகிறான். எழுதுடா.) போன வெள்ளிக்கிழமை அறந்தாங்கிப் பயல்களோட ஆடினப்ப ஆனந்தராஜ் குதிச்சுக் குதிச்சு, இவன் இடத்துல பந்து தூக்கிக் கொடுக்க நின்ன ராக்கன் கால்மேலேயே விழுந்தான். "நான் மேல போயிட்டேன் மாமா, பந்து வரல. எம்புட்டு நேரந்தான் அந்தரத்துல நிக்கிறது?" என்று என்னிடம் அழுகிறான்.

இருபதாம் தேதி மாவட்டப் போட்டி. வர்ற வெள்ளிக்குள்ள பேர் கொடுக்கணும். பிராங்க்ளின் பேரைச் சேர்த்துவிடு. இல்லாட்டி சனிக்கிழமை மங்களூர் போட்டுல மீன்பிடிக்கப் போறானாம், பத்து மாசம் ஊர்ப்பக்கம் வரமாட்டான்.

உன் ஆயுளும் சம்பாத்தியமும் பெருக அல்லாஹ் அருள்வானாக. வஸ்ஸலாம்.

பின்குறிப்பு: இதை எழுதுவது பிராங்க்ளின்தான். எல்லாம் எழுதிவிட்டு, "சார்ஜாவுக்குக் கணக்குச் சொன்னது யாரு மாமா?" என்று கேட்கிறான். நான்தான். நீ போனில் கேட்க, ஒன்று விடாமல் ஒப்பித்தது நான்தான். எடுத்தவனைக் கேட்டாய், எடுத்தவனைச் சொன்னேன். தூக்கிக் கொடுத்தவனை நீ கேட்கவுமில்லை, எனக்குச் சொல்லத் தோன்றவுமில்லை. மேலே உன்னைத் திட்டினதில் பாதி எனக்கு.

அவன் எழுந்து போகவில்லை. "சொல்லுங்க, எழுதுறேன்" என்கிறான். ஆனந்தராஜின் நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு இவன் தூக்கிக் கொடுத்தது என்று எழுதச் சொன்னேன். "முப்பத்தாறு மாமா. ரெண்டு ராக்கன் கொடுத்தது" என்கிறான்.

யோசித்துப் பார்த்தேன். அவன் சொல்வதுதான் சரி.