படத்துக்காரர் போட்ட இன்சூரன்ஸ்

துடியலூரில் கோயிலைவிட அதிகமாகச் சாமிகள் குடியிருந்தது எங்கள் பக்கத்து வீட்டில்தான். அங்கே வாடகை கொடுத்த ஒரே ஆள் படத்துக்காரர்.

நிஜப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. பழசானாலும் கண்ணாடி உடைந்தாலும் சாமி படத்தைக் குப்பையில் போட நமக்கு மனசு வராது. கோயில் அரசமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடுவோம். அப்படி நாம் வைத்ததை அவர் வீட்டுக்கு எடுத்து வருவார். துடைத்து, சட்டம் போட்டு மாட்டுவார். சுவர் தீர்ந்ததும் கதவு, கதவும் தீர்ந்ததும் பீரோ. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் செருப்பைத் தெருவிலேயே கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் சிலிண்டரை இறக்குவார்.

"உடைஞ்ச படம் ஊட்டுக்கு ஆகாதுங்க" என்றாள் என் மனைவி.

"ஊடே உடைஞ்சதுதானுங்க அம்மணி" என்று சிரித்தார்.

ஒரு நாள் விளக்கு சாய்ந்து ஒரு பிள்ளையார் கருகிப்போனார். படத்துக்காரர் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. "எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ் போட்டுரோணுங்க" என்று ஒரே பிடியாக நின்றார். எனக்குத் தெரிந்த ஏஜெண்ட் பெண்ணைக் கூட்டிப்போனேன்.

"மொத்தம் எத்தனை பொருளுங்க?"

"பொருள்னு சொல்லாதீங்க கண்ணு, கேட்டுட்டிருக்காங்க."

"சரிங்க. ஒண்ணுக்கு என்ன விலைங்க போடறது?"

"சாமிக்கு விலையா? கன்னத்துல போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டாள். "விலை எழுதாம பாலிசி இல்லீங்களே ஐயா."

யோசித்தார். "அப்பக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் போடுங்க. உள்ள இருக்கறவங்க அவங்களையே பாத்துக்குவாங்க."

அவர் எழுதி வைத்திருந்த பட்டியலை வாங்கிய பெண், முதல் வரியிலேயே நின்றாள். 'மயில் மேல் முருகர். வலது மூலையில் குங்குமப் பொட்டு.'

"இது எங்கீங்க, காணோம்?"

"அது இன்னும் கிடைக்கலீங்க."

"இல்லாததுக்கு எப்படீங்க போடறது?"

"வருமுங்க. வரிய மட்டும் உட்டு வைங்க."

அன்றுதான் சொன்னார். மனைவி படுக்கையில் கிடந்த நாளெல்லாம் அந்த முருகரிடம்தான் அழுது கேட்டிருக்கிறார். பொட்டு அந்த அம்மா கையால் வைத்தது. அந்த அம்மா போனதும், காரியம் முடிந்த கையோடு, "இனி உன்ற மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று படத்தைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டார். கோபம் ஆறி மறுநாள் போனபோது படம் இல்லை.

"கோவம் எனக்கும் முருகருக்கும்தானுங்க? அவ வெச்ச பொட்ட எதுக்குங்க நான் கொண்டுபோய்ப் போட்டேன்?"

அன்றிலிருந்து தினமும் தேடிப் போயிருக்கிறார். வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல், அங்கே அநாதையாகச் சாய்ந்திருந்தவர்களைத் தூக்கி வந்திருக்கிறார்.

போன மார்கழியில் படத்துக்காரரும் போய்ச் சேர்ந்தார். அண்ணன் மகன் வந்து, எல்லாப் படங்களையும் டெம்போவில் ஏற்றி, அதே மரத்தடியில் சாய்த்துவிட்டுப் போனான். தீயில்லை, திருட்டில்லை, வெள்ளமில்லை. பாலிசியில் அதற்கு இடமில்லை.

நானும் இப்போது தினமும் அங்கே ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். மயில் மேல் முருகர் எங்கே கண்ணில் பட்டாலும், கும்பிடுவதற்கு முன்னால் என் விரல் வலது மூலையைத்தான் தடவிப் பார்க்கிறது.