ஒரு சர்வர், எட்டு மேசை

சேசு மரி சூசை துணை

அரூர்,
14.9.1989

மதிப்புக்குரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை லூர்து மேரியின் வீட்டுக்காரன் அருள்நாதன் பணிவுடன் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மூட்டுவலியையும் மறக்காமல் விசாரிக்கிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி படிக்கவும்.

போன வைகாசியில் உங்கள் மூத்த மகள் கல்யாணத்தில் சம்பந்தி என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "தங்கச்சி வூட்டுக்காரரு, ஓட்டல் பிசினஸ்ல இருக்காரு" என்றீர்கள். அப்போது நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன், கையில் சாம்பார் வாளியோடு. பந்தியில் பரிமாற ஆள் பற்றவில்லை என்று நீங்கள்தான் கூப்பிட்டிருந்தீர்கள். இருபத்தெட்டு வருஷமாக நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சென்றாயன் ஓட்டலில் சர்வர். அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. எனக்கு மனசு வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டேன். இன்றைக்கு எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வார்த்தைக்கு இப்போது வந்திருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியவேண்டும்.

என் மகள், உங்கள் மருமகள் இசபெல்லா கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, காரிமங்கலம் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தற்காலிக வேலையில் இருப்பது நீங்கள் அறிந்ததே. டீச்சர் ட்ரெய்னிங் சேர்த்திருந்தால் இந்நேரம் நிரந்தரமாகியிருக்கும் என்று நீங்கள் எழுதிய இன்லாண்டு லெட்டர் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவளுக்கு இந்த மாதத்தோடு கெடு. ஆலைப் பங்குதாரர்கள் ஒரு ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள். அது அவர்களுக்குச் சரிப்பட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். போன சனிக்கிழமை அவள் தர்மபுரி ஹாஸ்டலிலிருந்து வந்து சமையல்கட்டில் அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு சர்வர் போட்டா எட்டு பேருக்குத் தாங்கும்மா, ஆனா செலவு ஜாஸ்தி. இல்லன்னா ஆளுக்கொரு மேசையில தனித்தனியா வச்சிரலாம். எதுன்னு திங்கக்கெழம மீட்டிங்ல நான்தான் சொல்லணும்" என்றது என் காதில் விழுந்தது. ஆலையில் கேண்டீன் திறக்கிறார்கள், சர்வர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், பெற்ற தகப்பனைச் சிபாரிசு செய்யக் கூச்சப்பட்டுப் பிள்ளை தவிக்கிறது என்று புரிந்துகொண்டேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, சென்றாயன் முதலாளி கைப்பட எழுதிய சர்ட்டிபிகேட்டைச் சட்டைப்பையில் வைத்து, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தர்மபுரி போய், அங்கிருந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிக் காரிமங்கலத்தில் இறங்கி, ஆலை கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாது என்கிற வாட்ச்மேன் "என்னா விஷயமுங்க?" என்று கேட்டார். "சர்வர் விஷயமா வந்திருக்கறன்" என்றேன். அவ்வளவுதான் மச்சான், மனிதர் துள்ளி எழுந்து சல்யூட் அடித்தார். "பெங்களூரு கம்பெனிக்காரருங்களா? உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க, வாங்க வாங்க" என்று கூட்டிப்போய் ஏசி ரூமில் உட்காரவைத்து, காபியும் கொடுத்துவிட்டார். பெங்களூரில் மச்சான் இருக்கிற விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கொஞ்சம் யோசித்தேன். மற்றபடி, கேண்டீன் சர்வருக்கே இந்த மரியாதை என்றால் நல்ல இடம்தான் என்று காபியைக் குடித்தேன்.

உள்ளே ஐந்து பங்குதாரர்கள், எல்லோரும் தோட்டம் துரவு வைத்திருக்கிறவர்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் இசபெல்லா. என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. கண்ணை உருட்டி ஏதோ காட்டினாள், தைரியம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர் நஞ்சப்பன் என் பக்கம் திரும்பி, "பாப்பா அரை மணி நேரமா மெகாஹெர்ட்ஸு மெகாஹெர்ட்ஸுன்னு சொல்லுது, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களே சொல்லுங்க. இந்த சர்வரு ஒரே நேரத்துல எத்தன பேரத் தாங்கும்?" என்றார்.

"எட்டு மேசைங்க. தீர்த்தமலைக்குப் போற கூட்டம் எறங்குச்சுன்னா பன்னெண்டு மேசையும் தாங்கும்" என்றேன்.

"வேகம்?"

"நீங்க சொல்லி வாய் மூடறதுக்குள்ள மேசைக்கு வந்துரும்ங்க."

"ஞாபகம் எல்லாம் எப்படி?"

"காயிதத்துல எழுதற வேலையே இல்லீங்க. ஆறாவது மேசைக்கு வெங்காயமில்லாத ஊத்தப்பம்னா, அது ஆறாவது மேசைக்குத்தான் போவும்."

பங்குதாரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நஞ்சப்பன் மட்டும் விடாமல், "ரிப்பேரு?" என்றார். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "வருஷத்துல ஒருக்கா ஜுரம் வரும்ங்க. அன்னிக்கி மட்டும் எட்டு மேசையும் பட்டினிதான்" என்றேன்.

"ஜுரமா?" என்றார் பச்சியப்பன் என்கிற பங்குதாரர். நான் சர்ட்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். இருபத்தெட்டு வருஷத்தில் உடைத்த தட்டு இரண்டே இரண்டு என்று அவர் சத்தமாக வாசித்து முடித்ததும் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. இவர்கள் கேட்ட சர்வர் வேறு, பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து கதவுப் பக்கம் திரும்பினேன். அப்போது இசபெல்லா சாக்பீஸை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இவரு எங்கப்பாங்க. அரூர்ல ஓட்டல்ல சர்வரா இருக்காரு. நான் அரை மணி நேரமா சொல்ல வந்தத அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டாரு" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை மச்சான்.

அப்புறம் பலகையை அழித்துவிட்டு எட்டு மேசை வரைந்தாள், நடுவில் என்னை வரைந்தாள். அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்கு உள்ளே பிராசசர் என்று ஒரு மூளை இருக்கிறது. டெஸ்க்டாப் என்கிற மேசைக் கம்ப்யூட்டர் மூளைக்கு 286 என்று பெயர், அது ஒரு ஆளுக்கு மட்டும் வேலை செய்யும். சர்வர் மூளைக்கு 386, அது எட்டு பேருக்குச் செய்யும். நூறுதானே வித்தியாசம், விலை மட்டும் ஏன் பத்து பங்கு என்று நான் கேட்டேன். அது மாடல் நம்பர்ப்பா என்றாள். சர்வர் மூளை ரெண்டு மடங்கு வேகமாம், ஆனால் எட்டு பேரும் ஒரேயடியாகக் கூப்பிட்டால் அந்த வேகம் பங்காகிவிடுமாம். "அது வேகம் கொறையறது இல்லம்மா, ரஷ்ஷு" என்று நான் திருத்தினேன். டெஸ்க்டாப் என்றால் ஒரு மேசைக் கணக்கை அடுத்த மேசைக்குக் கொண்டுபோக, பிளாப்பி என்கிற தகட்டில் ஏற்றிக்கொண்டு நாமே நடக்க வேண்டும். அதாவது செல்ஃப் சர்வீஸ். மனுஷன் சாப்பிடுகிற முறையா அது? கரண்டு போனால் மட்டும் ரெண்டும் ஒன்றுதான். முடிவில் நஞ்சப்பன், "இப்பத்தாம்மா வெளங்குச்சு" என்று மேசையைத் தட்டினார். தர்மபுரி வரை பஸ்ஸில் அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். சர்வர்தான் ஜெயிக்கும், இது நிச்சயம் என்று நான் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆகவே மச்சான், லட்சக்கணக்கில் விலை போட்டு, ஏசி ரூம் கட்டி, தூசி படாமல் வைத்துக் காப்பாற்றுகிற பொருளுக்கு உலகத்தில் என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் சின்ன மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம் என்னை சர்வர் என்றே சொல்லவும். சாம்பார் வாளியை அதற்குப் பிறகு தூக்குகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாதா உங்கள் முழங்காலைத் தொட்டுக் குணமாக்கட்டும்.

இப்படிக்கு,
மு. அருள்நாதன், சர்வர்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சனிக்கிழமையாகி, இசபெல்லாவும் வந்துவிட்டாள். வேலை நிரந்தரமாகிவிட்டது, மாதாவுக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஆலை வாங்கப்போவது டெஸ்க்டாப் ஐந்து. சர்வர் இல்லை. "அந்த ஐயா சொன்ன ஜுரந்தான் பயமா இருக்குது" என்று நஞ்சப்பன் சொல்லிவிட்டாராம். அதுகூடப் பரவாயில்லை. ஐந்து பேர் இருக்கிற ஆபீசுக்கு எட்டு பேர் மூளை எதற்கு, கொடுக்கிற காசுக்கு டெஸ்க்டாப்தான் லாபம் என்று இவளே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். "பஸ்ஸுல நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கப்பா, சொல்ல வாய் வரல" என்கிறாள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தற்காலிக வேலைக்கான பாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'ஓட்டல் பிசினஸ்' என்று போடச் சொன்னது நான்தான். இந்தத் தடவை அவள் என்னைக் கேட்காமல் 'சர்வர்' என்று எழுதியிருக்கிறாள். "எந்த சர்வரும்மா, கம்ப்யூட்டர் சர்வரா?" என்று குமாஸ்தா கேட்டாராம். "இல்லீங்க, ஒரிஜினல்" என்றாளாம். ஆகவே மச்சான், மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடிக்க வேண்டாம்.