நாலாவது பையில் இருந்த இரண்டு கிலோ

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நலம் என்று முதல் வரியிலேயே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்த ஆய்வாளன் நான். கூட்டியோ குறைத்தோ எழுதிப் பழக்கமில்லை. தங்கள் தங்கை நலம். எனக்கு நெஞ்சு இன்னும் படபடக்கிறது. தாங்கள் இதை நின்றுகொண்டு படிப்பதானால் தயவுசெய்து உட்காரவும்.

உங்கள் தங்கை பறக்கிறாள், மச்சான். கோபத்தில் சொல்கிற பேச்சில்லை, நிஜமாகவே பறக்கிறாள். போன மாதம் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே தலைக்கவசம் போட்ட ஒரு பெண்மணியின் படம், கீழே ‘முதல் சர்வதேச பாராகிளைடிங் பந்தயம், போட்டியாளர் எண் 27’. யாரோ ஓர் அம்மாளுக்கு வந்தது விலாசம் மாறிவிட்டது என்று தபால்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், இது உங்க வீட்டம்மா” என்றார். இருபத்தெட்டு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம், ஊரான் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளிடம் போய்க் கேட்டால், தலையைக்கூடத் தூக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் பறக்கிற துணி கிழிந்துபோய் இவள் தையல் கடைக்குக் கொண்டுவந்தாராம், இவள் தைத்துக் கொடுத்தாளாம், எப்படிப் பறக்கிறது பார்க்க வாருங்கள் என்று அவர் கூப்பிட்டாராம், பார்க்கப் போனவள் பறந்துவிட்டாளாம். “ஞாயித்துக்கிழமை தையல் வேலை இருக்குன்னு போனது பொய்யா?” என்றேன். “தைச்சது நிஜம்தானே? தைச்சதை யாராவது பறந்து பார்க்க வேண்டாமா?” என்றாள்.

அதோடு போயிற்றா? பந்தயத்துக்கு முந்தின வாரம் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன், காலி! நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்தார்களே, முத்திரை போட்ட ஐந்து எடைக்கல், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ, வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைப்பேனே, ஒன்றுகூட இல்லை. திருட்டு என்று வாயைத் திறப்பதற்குள் இவளே தன் பறக்கிற மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். உட்காருகிற பட்டைக்கு அடியில் வரிசையாக ஐந்து பை தைத்து, பைக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறாள். அவள் பறக்கிற கிளைடருக்கு ஆளும் மூட்டையுமாகக் குறைந்தது எழுபத்தைந்து கிலோ இருக்கணுமாம். இல்லாவிட்டால் வெயிட் போதவில்லை என்று பந்தயத்தில் சேர்க்கமாட்டார்களாம். உங்கள் தங்கைதான் தெரியுமே, ஊதினால் பறந்துவிடுவாள். அதனால் பத்து கிலோ இரும்பு.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. பந்தயத்தன்று காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் நாலாவது பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் கந்தல் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டேன். இரண்டு கிலோ குறையும், எடை பார்க்கிற இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், என் பெயரும் கெடாது. எனக்குப் பயம், மச்சான். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நானும் கூடவே போனேன். மலையுச்சியில் பதினோரு நாட்டிலிருந்து நாற்பத்து மூன்று பேர் மூட்டையும் முதுகுமாக வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் தங்கை தராசில் ஏறினாள். நடுவர் எட்டிப் பார்த்து, “எழுபத்தஞ்சு, சரி, அடுத்தவங்க வாங்க” என்றார்! எழுபத்து மூன்றல்லவா காட்டணும்? பக்கத்தில் நின்ற ஒருவரிடம், எடை குறைவாகப் பறந்தால் என்ன ஆகும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். “காத்து அடிச்சா மேல துணி மடங்கிடும், கீழ வரவேண்டியதுதான்” என்றார் சாவகாசமாக. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிற்கிறேன். அப்போதுதான் பார்த்தேன், ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் ஆளே இல்லாத தராசு இரண்டு கிலோ காட்டுகிறது! கால் வழுக்காமல் இருக்க யாரோ மகராசன் தராசைச் சரிசெய்த பிறகு அதன்மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டிருக்கிறான், அதன் எடையை யாரும் கழிக்கவில்லை.

“நிறுத்துங்கய்யா! தராசு பொய் சொல்லுது!” என்று கத்திவிட்டேன். நடுவர், “நீங்க யாரு? புதுத் தராசுங்க இது” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “புதுசா இருந்தா என்ன, இந்தா முத்திரை போட்ட கல்லு, வெச்சுப் பாரு!” என்று கோட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். நாலு கிலோ காட்டியது. கூட்டம் ஆவென்று பார்க்கிறது. நான் மார்பை நிமிர்த்தித் திரும்பினால், உங்கள் தங்கை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாலாவது பையைத் தடவினாள். கந்தலை வெளியே உருவினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் என்பார்களே, அவன் நான்தான்.

நாற்பத்து மூன்று பேரையும் மறுபடி எடை போட்டார்கள். எட்டுப் பேருக்குக் குறைந்தது. பதினோரு நாட்டுப் பாஷையில் திட்டு வாங்கினேன், ஒன்றுகூடப் புரியாமல் போகவில்லை. அவள் கையை நீட்டினாள், கல்லைக் கொடுத்தேன், பையில் போட்டுக்கொண்டு ஏறினாள், சரியாக எழுபத்தைந்து. “நீங்க எடுக்காம இருந்திருந்தா கத்த வேண்டியதில்ல. கத்தாம இருந்திருந்தா நான் இல்ல” என்றாள். அவ்வளவுதான். நாலு எட்டு ஓடினாள், காலடியில் தரை முடிந்துவிட்டது, மேலே போய்விட்டாள். இரண்டு மணி நேரம் நடுவர் மேஜையில் இருந்த திரையில் இருபத்தேழு என்று ஒரு புள்ளி ஊர்ந்தது, நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முப்பத்தோராவதாக வந்து இறங்கினாள். நான் அழுதேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் துணியை மடித்தாள்.

இன்றோடு நாலு நாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே தாங்கள் உடனே கிளம்பி வந்து, முதலாவதாக அவளைப் பறக்கக் கூடாது என்று கண்டிக்கவும், அது முடியாவிட்டால் என்னோடு பேசச் சொல்லவும். இரண்டாவதை முதலில் செய்தாலும் சரி. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் எல்லா நலமும் பெற்றுத் தரையிலேயே நீண்ட நாள் வாழ என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத தங்கை புருஷன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை வந்து இதை வாங்கி முழுக்கப் படித்துவிட்டாள். “பயமா இருந்துச்சுன்னு எங்க அண்ணனுக்கு எழுதுறீங்களே, என்கிட்ட ஒரு தடவை சொல்லக் கூடாதா?” என்றாள். ரெண்டு பேர் உட்காருகிற கிளைடருக்கும் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாளாம். எப்போது என்று கேட்கவில்லை, கேட்டால் இன்னும் என்னென்ன வெளியே வருமோ. “ஞாயித்துக்கிழமை வாங்க. எடைக்கல்லெல்லாம் வேண்டாம், நீங்களே போதும்” என்கிறாள். ஆகவே தாங்கள் வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். நான் எழுபத்தொரு கிலோ இருக்கிறேன். தராசைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.