தூதருக்கு நான் வைத்த பேனர்

எதிர்வீட்டுக்காரனோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்தான், உலக நாடுகள் எப்படிப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று ராப்பகலாக யோசிப்பான். இது என் சொந்த அனுபவத்தில் கண்ட உண்மை. செருப்பு ஸ்டாண்டை அரையடி தள்ளி வைக்கச் சொன்னதில் எனக்கும் எதிர் ஃபிளாட் ராமநாதனுக்கும் மூண்ட பனிப்போர் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் மேற்காசியாவில் அமைதி திரும்ப என் கையில் அப்போதே திட்டம் இருந்தது. (ராமநாதனிடமும் இருந்திருக்கும். பேசினால்தானே தெரியும்?)

கரூரிலிருந்து பிழைக்க வந்தவன் நான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, பாரிவாக்கத்தில் லோன் போட்டு வாங்கிய ஃபிளாட். காலையில் பல் தேய்க்கும்போதே யூடியூபில் ஒருவர் உலக வரைபடத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டிருப்பார். நானும் வாயில் நுரையோடு தலையாட்டுவேன். "அந்தாளு குச்சியக் கீழ வச்சப்புறமாவது போய்ப் பால் வாங்கிட்டு வாங்க" என்பாள் என் மனைவி கவிதா. அவளுக்கு உலக ஞானம் கம்மி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். மேட்டில் நாங்கள், அதாவது ஃபிளாட்காரர்கள். பள்ளத்தில் ஊர்க்காரர்கள். ஒரு காலத்தில் இங்கே வயல்வேலை செய்தவர்கள்; அந்த வயல்மேல்தான் எங்கள் ஃபிளாட் நிற்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் மேட்டுத் தண்ணீர் மொத்தமும் அவர்கள் வீட்டுக்குள் போய்விடும். இதைக் கேள்விப்பட்டு ஒரு குளிர்தேசம், ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக, மழைநீர்க் கால்வாய் கட்டப் பணம் தந்தது. (எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மறந்திருப்பார்கள். நானே நினைவுபடுத்துவானேன்?)

முதல் கட்டம் எங்கள் வாசலில் தொடங்கித் தெருப் பாதியில் நின்றது. சரியாகச் சொன்னால், பள்ளத்தின் முதல் வீடான செல்வியின் வாசலில் நின்றது. முன்பெல்லாம் நாலாபக்கமும் சிதறி வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது சிமெண்ட் கால்வாயில் ஒழுங்காக வந்து நேரே செல்வி வீட்டில் இறங்கியது. வளர்ச்சி என்றால் இதுதான் போலிருக்கிறது. இரண்டாம் கட்டம் கட்டினால்தான் தண்ணீர் அவள் வீட்டைத் தாண்டி ஓடைக்குப் போகும். அதற்குப் பணம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த நாட்டுத் தூதரே வரப்போவதாகச் செய்தி வந்தது.

உடனே நான் அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கை அறிக்கையைத் தேடிப் பிடித்தேன். ராஜதந்திரம், பாதுகாப்பு, வெளிநாட்டு வளர்ச்சி உதவி, மூன்றும் ஒரே மரத்தின் கிளைகளாம். ஃபிளாட் அசோசியேஷன் கூட்டத்தில் இதை விரிவாக விளக்கினேன். தூதரின் அன்றைய நிகழ்ச்சியைப் பார்த்தாலே மரம் புரிந்துவிடும். மதியம் நகரத்தில் பெரிய மனிதர்களோடு விருந்து: ராஜதந்திரம். அப்புறம் ஆவடிப் பக்கம் தளவாட வியாபாரக் கூட்டம்: பாதுகாப்பு. திரும்பும் வழியில் மிச்சமிருந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் சாக்கடை: வளர்ச்சி. இலையில் நாங்கள் ஊறுகாய். இருந்தாலும் ஊறுகாய்க்கும் ஒரு மரியாதை உண்டில்லையா? சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்த உறுப்பினர்கள் வரவேற்புப் பொறுப்பை ஏகமனதாக என் தலையில் கட்டினார்கள்.

பள்ளத்தின் சார்பில் செல்வியும் அவள் கணவர் தாஸும் வந்திருந்தார்கள். தாஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். "சாரு, நாங்க இன்னா செய்யணும் சொல்லு. மோளம் கீளம் வெச்சு ஜமாய்ச்சிடலாம்" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம் தாஸ். இது ராஜாங்க விவகாரம். நீங்கள் வரிசையாக நின்றால் போதும்" என்றேன். பள்ளத்தோடு என் ராஜதந்திரம் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது. தூதர் யார், எப்படி வருகிறார், யார் பேசுவார்கள் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூந்தமல்லியில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாபு வழக்கமான மாடல்களைக் காட்டினார். மஞ்சள், சிவப்பு, பாயும் புலி, பறக்கும் புறா, 'வருக வருக'. எனக்கு உடம்பு கூசியது.

"இதெல்லாம் கட்சிக் கூட்டத்துக்கு. அவர் ஐரோப்பாக்காரர். கண்ணியமாக இருக்கணும். படம் கறுப்பு வெள்ளையில், நடுவில், முட்டை வடிவச் சட்டத்துக்குள். சுற்றிலும் வெள்ளைப் பூ. நம் பண்பாட்டுக்கு ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு" என்றேன்.

"கரீக்டு சார்" என்றார் பாபு. அவர் குரல் தணிந்திருந்தது. என் ரசனைக்குத் தலைவணங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேல இன்னா எழுதணும் சார்?"

"எங்கள் நெஞ்சில் என்றும் நிறைந்திருப்பீர். அவ்வளவுதான். 'வருக'வெல்லாம் வேண்டாம். படத்துக்கு இடப்பக்கம் வருகை மாலை நான்கு மணி. வலப்பக்கம் புறப்பாடு மாலை ஐந்து மணி. நேரம் தவறாமை அவர்களுக்கு முக்கியம்."

"கீழ உங்க போட்டோல்லாம் வருமா?"

அசோசியேஷன் நிர்வாகிகளின் ஆதார் கார்டுப் படங்களைக் கொடுத்தேன். அதில் யாரும் சிரிக்கவில்லை. ஆதாருக்கு எவன் சிரித்தான்?

"வயசு இன்னா சார் அவருக்கு?"

"ஐம்பத்தெட்டு."

"ப்ச்" என்றார் பாபு. அட்வான்ஸ் நீட்டினேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "இந்த நேரத்துல போயி துட்டு வாங்குவாங்களா? நீ கெளம்பு சார். காலைல ஆளுங்க வந்து கட்டிருவாங்க." சென்னையில் இப்படியும் ஒரு மனிதரா என்று நெகிழ்ந்து திரும்பினேன்.

மறுநாள் நான் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் தூதரின் காரை பைபாஸிலிருந்து என் ஸ்கூட்டரில் வழிகாட்டி அழைத்து வருவதுதான் முறை என்று எனக்கு நானே முடிவு செய்து, நிர்வாகிகளையும் இழுத்துக்கொண்டு மதியமே போய் வெயிலில் நின்றேன். கோட் வேறு. தூதர் முன்னால் செல்போன் அலறக்கூடாது என்று எல்லோர் போனையும் ஊமையாக்கவும் உத்தரவிட்டேன். தெருமுனையில் பேனர் ஏறியது அதற்கு முன்பே. பால் வாங்கப் போனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக, கடைசல் பிடித்த மாதிரி அழகாகத்தான் இருந்தது.

நாலு மணிக்குத் தூதரின் கார்கள் வந்தன. நான் முன்னால், பின்னால் மூன்று பெரிய வண்டிகள், கடைசியில் போலீஸ் ஜீப். எங்கள் தெருவில் திரும்பும்போதே மேளச் சத்தம் கேட்டது. 'சொன்னாலும் கேட்காமல் மோளம் வைத்துவிட்டாரே தாஸ்' என்று பல்லைக் கடித்தேன். இன்னும் கொஞ்சம் கிட்டே போனதும் அது எந்த மேளம் என்று புரிந்தது. யாரோ சங்கு ஊதினார்கள். கடைகளெல்லாம் பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்தன. வரவேற்புக்கென்று நான் போடச் சொன்ன ஷாமியானாவின் கீழ், நான் போடச் சொன்ன நாற்காலிகளில், ஊர்க்காரர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். (நம் ஊரில் எல்லாக் காரியத்துக்கும் ஒரே ஷாமியானாதானே.) பேனருக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டிருந்தது. அதன் கீழே தலைவிரி கோலமாகச் செல்வி.

"பாதிக் கால்வா கட்டிட்டு
பாதியில போனியே ராசா!
மீதிக் கால்வா கட்டாம
எங்கள மெதக்க உட்டியே ராசா!"

தூதர் காரிலிருந்து இறங்கினார். சங்கு நின்றது. மேளக்காரர் ஒருவர் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார். செல்வி மட்டும் கண்ணை மூடியிருந்ததால் தொடர்ந்து பாடினாள்.

தூதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு பாரம்பரியமான வரவேற்பை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். அந்தம்மா என்ன பாடுகிறார் என்று கேட்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் நம்மூர்ப் பெண். பேனரைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள், என் கோட்டைப் பார்த்தாள்.

"இரண்டாம் கட்டம் எப்போது தொடங்கும் என்று விசாரிக்கிறார்" என்றாள். இத்தனை வருடமாக யூடியூபில் பார்த்த அத்தனை ராஜதந்திரிகளையும் அவள் காலில் விழச் சொல்லலாம்.

தூதர் பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். மிக நேர்த்தியான ரசனை என்று என் கையைக் குலுக்கினார். விஷயம் அதோடு போயிருந்தால் கால்வாய் வந்திருக்கும். ஆனால் மரத்துக்கு மூன்று கிளையாயிற்றே. தூதரின் பாதுகாப்பு அதிகாரி, காதில் ஒயர் மாட்டிய ஆறரை அடி ஆள், ஜீப்பில் வந்த கான்ஸ்டபிளிடம் பேனரைக் காட்டி என்ன என்று கேட்டார்.

"டெத்து பேனர் சார்" என்றார் கான்ஸ்டபிள், சத்தமாக. "டுடே டெத்து."

அப்புறம் நடந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. நாலு பேர் தூதரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக் காருக்குள் போட்டார்கள். புறப்பாடு ஐந்து மணி என்று போட்டிருந்தேன், நாலேகாலுக்கே எடுத்துவிட்டார்கள். இது மிரட்டலா, பின்னணியில் எந்த நாடு இருக்கிறது என்று போலீஸார் என்னைக் கேட்டார்கள். கரூர் என்றேன்.

போலீஸ் விட்ட பிறகு தாஸிடம் கத்தினேன். "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு மேளம் அடிச்சிருக்கீங்களே!"

"எங்களுக்கு இன்னா சார் தெரியும்? ஷிஃப்ட் முடிஞ்சு வந்துகினு இருந்தேன், பேனரு கீது. நாலு மணிக்கு பாடி வருது, அஞ்சு மணிக்கு எடுக்கறாங்கனு நீதான டைம் போட்டு வெச்சுகீறே? நமக்கு கால்வா கட்டிக் குடுத்த மனுசன், அநாதையா போவக்கூடாதுன்னுதான் வசூல் பண்ணி மாலை வாங்குனோம். உன் ஊட்டுக்கு வந்து கேட்டேன், நீ இல்ல. உன் ஊட்டம்மா போன் மேல போன் போட்டாங்க, நீ எடுக்கல."

போனை எடுத்துப் பார்த்தேன். திரை முழுக்கக் கவிதா. முன்பின் தெரியாத வெளிநாட்டான் ஒருவனுக்காக ஊர்க்காரர்கள் சம்பளத்தை விட்டு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நானோ அவர்களை வரிசையில் நிற்கச் சொன்னதோடு சரி. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. சிரிப்பு வர ஒரு வருடம் ஆயிற்று.

இரண்டாம் கட்டம் வரவில்லை. அந்த நாட்டில் ஆட்சி மாறி, வெளிநாட்டு உதவியை வெட்டிப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதைத் தெருவெல்லாம் படித்துக் காட்டினேன். ஒருவரும் நம்பவில்லை. "நீ வெச்ச பேனருக்கு எவன் சார் குடுப்பான்?" என்றார்கள். அதே நாட்டு ஆட்கள் தளவாடம் விற்க அப்புறமும் ஆவடிக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். சாவு பேனர் வைத்தாலும் வியாபாரம் சாவதில்லை. எங்கள் தெரு வழியாக மட்டும் வரவில்லை.

மழைக்காலம் வந்ததும் கவிதா ஒரு தீர்மானம் நிறைவேற்றினாள். "நீங்க பண்ணி வச்ச வேலைக்கு அவங்க ஏன் தண்ணியில நிக்கணும்?" அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் செல்வி குடும்பம் எங்கள் ஹாலில்தான். போன மழையில் அப்படித்தான் எல்லோரும் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். நம் நாட்டு அமைச்சர் ஏதோ ஒரு தீவு நாட்டில் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தீவில் வெள்ள வடிகால் கட்டித்தர நம் அரசு நிதி கொடுக்கிறதாம். நட்புறவாம்.

செல்வி ஈரத் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "நம்மாளுங்களா அங்க போயி கால்வா கட்டித் தராங்க?"

"ஆமாம்மா. அது வெளிநாட்டு வளர்ச்சி உதவி."

"அப்ப எங்க தெருவையும் வெளிநாடுன்னு எழுதிக் குடுத்துடு சார். கட்டிருவாங்க" என்றாள்.

கவிதா சிரித்த சிரிப்பில் எதிர் ஃபிளாட் ராமநாதனே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து பள்ளத்துத் தெருவுக்கு எங்கள் வீட்டில் பெயர் ஃபாரின். தூறல் கனத்தால் போதும், என் மகள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பாள்: "அம்மா, ஃபாரின்ல தண்ணி ஏறுது. தோசை மாவு கரைச்சு வை."