பால் வாளியில் வளர்ந்த முளைப்பாரி

செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாதவர் உலகத்தில் கிடையாது. ஊற்றிய தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று யோசிப்பவர்கள்தான் குறைவு. நான் யோசிக்காதவர்கள் கட்சி. தேர்தல் வைத்திருந்தால் தலைவியாகவே ஆகியிருப்பேன்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் லூமுட்டில் கடற்காற்றில் வளர்ந்த நான், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துக்கு மருமகளாகி, கணவரோடு ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தேன். மகனுக்கு டவுனில் வேலை கிடைத்தால் வரப்போகும் மருமகள் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பாள் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது, மருமகளும் கிடைத்தாள். முளைப்பாரிதான் பாக்கி.

தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே வீட்டில், வெளிச்சம் படாமல், வெளியாள் கண் படாமல் நவதானியத்தை முளைக்க வைப்பார்கள். நானோ தினமும் ஈப்போவில் வேலைக்குப் போகிறவள்.

"நானே வளர்த்து தாரேன்," என்றாள் நாத்தனார் கனகா. "அண்ணி வந்து தலையில தூக்குனா போதும்லா. டவுன் ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது."

எனக்குச் சுருக்கென்றது. முளை அழுகினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள், பழி வீட்டுக்கு வந்தவள் மேல்தான் விழும். அது தெரிந்தும், "என் பாரியை நானே வளர்ப்பேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். (வாய் அப்போதே அப்படித்தான்.)

பஸ்ஸில் தோட்டத்துக்குக் கொண்டுபோக மண்சட்டி தாங்காது. அதனால் கணவர் தன் அப்பாவின் பழைய பால் வாளியைக் கொண்டுவந்தார். ரப்பர் பால் சேர்க்கிற வாளி. அடியில் ஓட்டை போடலாம் என்று ஆணியும் சுத்தியலும் எடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பால் வாளியில யாராச்சும் ஓட்டை போடுவாங்களா? அப்பா இதுல ஒரு சொட்டு கீழ விட்டதில்ல."

"அப்புறம் தண்ணி எப்படிங்க போகும்?"

"அளவா ஊத்து."

அளவாக ஊற்றுவது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கம்பளியும் கறுப்பு பிளாஸ்டிக்கும் தொங்கவிட்டு ஒரு கூடாரம் கட்டினேன். உள்ளே மண், சாணம், நவதானியத்தோடு வாளி. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, மனசு கேட்காமல் இன்னொரு தடவை என்று ஊற்றினேன். முளை விட்டது. கூடவே வாடையும் விட்டது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் மண் இல்லை, சேறு. முளைகள் அடியில் கறுக்கத் தொடங்கியிருந்தன.

கனகாவிடம் போய் நிற்பதைவிட நான் அந்த வாளிக்குள்ளேயே குதித்திருப்பேன். ஒரு ரப்பர் குழாயை வாளியின் அடிவரைக்கும் செருகி, மறுமுனையை வாயால் உறிஞ்சி, ஜன்னல் வழியாகப் பின்பக்க லோங்காங்கில், அதாவது சாக்கடையில், தொங்கவிட்டேன். (சாணித் தண்ணீரின் ருசி பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கலாம்.) தண்ணீர் அழகாக இறங்கியது. வெற்றியோடு சமையலுக்குப் போனேன்.

குழாய் ஜன்னலில் இருந்து வழுக்கித் தரையில் விழுந்திருக்கிறது. தரை மரப்பலகை. பலகைகளுக்கு நடுவே சந்து. சந்துக்குக் கீழே, வீட்டுக்காரரான சீன முதலாளி தவுக்கேயின் போட்டோ ஸ்டூடியோ. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு சீனக் குடும்பம் மொத்தமும் படத்துக்கு உட்கார்ந்திருந்தது, நடுநாயகமாக வெள்ளைச் சட்டையில் ஒரு தாத்தா.

தவுக்கே படியேறி வந்த வேகத்தில் படியே ஆடியது. எங்களிடம் அவர் பேசுவது மலாயும் தமிழும் கலந்த ஒரு பாஷை. கூடாரத்தைக் காட்டி, "இன்னிக்கே தூக்கிப் போடு. இல்ல, வீடு காலி பண்ணு," என்றார். கம்பளியை விலக்கக் கை நீட்டினார்.

நான் குறுக்கே நின்றுவிட்டேன். "பார்க்கக் கூடாது தவுக்கே. உள்ள சாமி."

"டத்தோவா?"

அவர்கள் கும்பிடும் காவல் சாமிக்கு அந்தப் பெயர். தலையாட்டினேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். தரையில் கிடந்த குழாயைப் பார்த்துவிட்டு, "டத்தோனாலும் அடியில லோபாங், ஓட்டை வேணும்லா. தண்ணி எங்க போகும்?" என்றார்.

கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாளியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்ச் சாய்த்து, அடியில் ஆணியை வைத்து ஓங்கி அடித்தேன். ஒன்று போதவில்லை, சல்லடையாக்கினேன். பிறகு கூடாரத்தையும் அங்கேயே கட்டினேன். திருவிழா வரை நாங்கள் இருட்டில்தான் குளித்தோம். முளைகள் நிமிர்ந்துகொண்டன.

திருவிழாவன்று, பாரி பசுமையாகத் தெரிய வேண்டுமே என்று தோட்டத்தில் இறங்கியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தலையில் ஏற்றினேன். (ஓட்டை போட்டவளே ஓட்டையை மறந்துவிட்டாள்.) ஊர்வலம் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டுவதற்குள் உச்சந்தலையில் ஆரம்பித்து, கண், கழுத்து, முதுகு எங்கும் ஜில்லென்று ஒழுகியது. இரண்டு கையும் வாளியில். துடைக்க வழியில்லாமல் தலையைச் சிலுப்பினேன். பல் கிட்டித்தது. உடம்பு உதறியது. பக்கத்தில் உறுமிக்காரர் அதைப் பார்த்து இன்னும் வேகமாக அடித்தார்.

"மருமகளுக்கு அருள் வந்துருச்சு," என்றார் யாரோ.

முதலில் ஓடி வந்து கும்பிட்டு விழுந்தவள் கனகா. "ஆத்தா, ஆயர் தாவார்ல இருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு. கட்டிக்கலாமா ஆத்தா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். டவுன் ஆளுங்களுக்கு வராது என்று சொன்ன வாய் "ஆத்தா" என்று அழைப்பதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "கட்டிக்க," என்றேன். "முதல்ல ஒரு துண்டு கொண்டா."

கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று சிரிப்பை அடக்க முடியாமல் கணவர் விஷயத்தை உடைத்தார். கனகா விடவில்லை. புருஷன் குறட்டை விட்டாலும், சொல்லாமல் மீன் பிடிக்கப் போனாலும், இன்றைக்கும் எனக்குத்தான் போன் வரும்.

"நீங்க சொல்லித்தான் அண்ணி கட்டிக்கிட்டேன். நீங்களே வந்து கேளுங்க."

நானும் ஆயர் தாவாருக்குப் பஸ் ஏறுகிறேன். என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் கும்பிட்டபடியே எழுந்து, "ஆத்தா வந்துட்டாங்க," என்று துண்டை எடுக்க உள்ளே போகிறார்.