அருமைநாதனும் நானும் தம்பதியர் அல்லர்

சென்ட் லோரன்ட், மொன்றியல்
பங்குனி 2004

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்கட்கு,

இக்கடிதம் தங்களையும் அக்காவையும் முழங்கால் வலியின்றிக் காணுமாக. விடயம் என்னவெனில், அரசாங்கம் எனக்குக் கலியாணம் செய்து வைத்துவிட்டது. பொம்பிளை, என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் அருமைநாதன்.

வேலை செய்த தொழிற்சாலை மூடிய பிறகு நாங்கள் தனித்தனியே உதவிப்பணம் பெறுவது தாங்கள் அறிந்ததே. வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரி, அருமைநாதன் சமைப்பதையும் நான் கோப்பை கழுவுவதையும் இருவரின் சாரங்களும் ஒரே கொடியில் காய்வதையும் கண்டு, இந்த நாட்டில் ஆணும் ஆணும் சேர்ந்து வாழலாம், நல்ல விசயம், ஆனால் தம்பதிக்கு ஒரே கொடுப்பனவுதான் என்று எழுதி அனுப்பிவிட்டார். நான் மேல்முறையீடு செய்தேன். நேற்று விசாரணை. மொழிபெயர்க்க வந்தவர் கயல், சென்னையிலிருந்து படிக்க வந்த பிள்ளை. நல்ல மரியாதை, ஆனால் எங்கட தமிழ் அவருக்கு வேறு தமிழ்.

வீட்டில் எப்படிப் பழகுகிறீர்கள் என்று நீதிபதி அம்மா கேட்டார். "அவர் ஒவ்வொரு நாளும் எனக்குப் பேசுவார்" என்று உள்ளதைச் சொன்னேன். கயல் அதைப் பிரெஞ்சில் சொல்ல, நீதிபதி அம்மா உருகிப்போய்ச் சிரித்தார். கொஞ்சம் பிரெஞ்சு விளங்கும் அருமைநாதன் துள்ளி எழும்பினார்.

"பிள்ளை, பேசுறதெண்டால் ஏசுறது!"

"ஐயோ சாரி அங்கிள், எங்க ஊர்ல பேசுறதுன்னா பேசுறதுதான்!"

கயல் அதைத் திருத்தி முடிப்பதற்குள் அருமைநாதன் என் பக்கம் திரும்பினார். "ஏன் பேசுறன் எண்டும் சொல்லும். பிரஷர் குளிசை போடாமல் திரியிறீர். இந்தக் குளிருக்குத் தொப்பி இல்லாமல் பஸ்ஸுக்கு நிக்கிறீர்!"

"நீர் மட்டும்? சீனி வருத்தத்தோடை களவாய் லட்டுத் தின்னுறீர்!"

"நீர் போய்ச் சேர்ந்தால் பேந்து நான் ஆரோடை கதைக்கிறது?"

கயல் இதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தானும் புருசனும் கன காலமாய் இப்படித்தான் என்றார். முறையீடு தள்ளுபடி. வீட்டுக்கு வரேக்கை, ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம் எண்டு, பஸ்ஸிலை அவர் முன்னுக்கும் நான் பின்னுக்குமாய் இருந்தம்.

அத்தான், எனக்கு மானம் போச்சு. இந்த மனிசனோடை இனி ஒரு நாளும் இருக்கேலாது. தங்கடை வீட்டு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை தாருங்கோ. நான் வெளிக்கிட்டால் அவருக்கும் தனி உதவி கிடைக்கும், எனக்கும் நிம்மதி.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் உரித்தாகுக.

இங்ஙனம்,
இன்றுவரை கலியாணமாகாத மைத்துனன்
சிவராசா

பி.கு.: கட்டில் ரெண்டு போடுங்கோ, அருமைநாதனும் வாறார். அவரின்ரை கட்டிலை யன்னல் பக்கமாய்ப் போடுங்கோ. காத்து இல்லாட்டி மனிசனுக்கு நித்திரை வராது.